தொலைபேசிக் கம்பியும் ஆணைச்சுவடியும்

மட்டக்களப்பு வாவிக்கு இரு கரைகள் உள. ஞாயிறு எழும் திசையில் கடலை அடுத்துக் கிடப்பது எழுவான்கரை. வயலும் காடும் சூழ, ஞாயிறு படும் திசையில் கிடப்பது படுவான்கரை. படுவான்கரைக்கு வாயில்போல் அமைந்த ஊர் வவுணதீவு. மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடப்போர் முதலில் காண்பது அவ்வூரையே. பாலங்கள் தோன்றுமுன் வாவியைக் கடக்கத் தோணியே துணையாயிருந்தது. இக்கரையில் நிற்பவன் அக்கரையிலுள்ள தோணிக்காரனைக் கூவி அழைப்பான். மறுகுரல் கேட்கும்வரை காத்து நிற்பான். கேளாதபோது மீண்டும் அழைப்பான். காற்று மிகுந்தாலோ, இருள் கவிந்தாலோ, அழைப்பதை விடுத்து மறுநாள் வருவோமெனத் திரும்பிச் செல்வான்.

இச்சிறு நிகழ்ச்சியில் மூன்று செயல்கள் அடங்கியிருக்கின்றன. அழைப்பது ஒன்று, மறுமொழியை அறிந்துகொள்வது மற்றொன்று, மறுமொழி வராதவிடத்து இன்னது செய்வதென முன்கூட்டியே தெளிந்திருப்பது மூன்றாவது. கணினிகள் தொலைபேசிக் கம்பிவழியே ஒன்றோடொன்று பேசக் கற்றுக்கொண்ட வரலாற்றை ஆராய்வோர்க்கு, முதலிரண்டையும் பொறியியலார் செய்து முடித்தனர் என்பதும், மூன்றாவதைச் செய்தோர் பெரும்பாலும் வீட்டிலிருந்து கணினியை இயக்கிய எளிய மனிதர் என்பதும் புலனாகும். அவர்கள் அதைச் செய்த கருவி இயந்திரமன்று, எழுத்து. அவ்வெழுத்தின் வரலாறே இவ்வுரையின் பொருளாகும்.

மட்டக்களப்பை 'மீன் பாடும் தேன்நாடு' என்பர். நிலவொளி பொழியும் இரவுகளில் கல்லடிப் பாலத்தருகே நீருக்குள்ளிருந்து எழும் இன்னொலியே அப்பெயருக்குக் காரணம். கணினியும் ஒருகாலத்தில் பாடியது. தொலைபேசிக் கம்பி மனிதர் குரலுக்காக அமைக்கப்பட்டது. கணினியோ ஒன்று, சுழியம் என்னும் இரு குறிகளையன்றி வேறொன்றையும் அறியாதது. ஆகவே அக்குறிகளை ஒலியாக மாற்றிக் கம்பியில் ஏற்றவும், மறுமுனையில் ஒலியை மீண்டும் குறியாக மாற்றி இறக்கவும் ஒரு கருவி வேண்டப்பட்டது. அதற்கு மோடம் என்று பெயர். 'மொடுலேட்டர்', 'டிமொடுலேட்டர்' என்னும் இரு சொற்களின் தலைப்பகுதிகள் இணைந்து பிறந்த பெயர் அது.

அமெரிக்க நாட்டின் பெல் நிறுவனம் 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட '103' என்னும் மோடம் இத்துறையில் ஓர் அளவுகோலாயிற்று. அழைக்கும் முனையிலிருந்து விநாடிக்கு 1,270 அதிர்வுகள் கொண்ட ஒலி எழுந்தால் அது ஒன்று. 1,070 அதிர்வுகள் எழுந்தால் அது சுழியம். மறுமொழி கூறும் முனைக்கு 2,225, 2,025 என்னும் வேறு இரு ஒலிகள் ஒதுக்கப்பட்டன. இருவரும் ஒரே வேளையில் பேசினும் ஒருவர் ஒலி மற்றவர் ஒலியோடு கலவாதிருக்கவே இவ்வேற்பாடு. அதன் வேகம் விநாடிக்கு 300 குறிகள். ஓர் எழுத்தை அனுப்பத் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் சேர்த்து ஏறத்தாழப் பத்துக் குறிகள் வேண்டும். எனவே விநாடிக்கு முப்பது எழுத்துகள் சென்றன. இரண்டாயிரம் எழுத்துகள் கொண்ட ஒரு பக்கம் சென்றடைய ஒரு நிமிடத்துக்கு மேலாகும். அந்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் தொலைபேசிக் கட்டணம் உண்டு என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

தொடக்கத்தில் இணைப்பை உண்டாக்கும் வேலை முழுவதும் மனிதர் கையிலேயே இருந்தது. ஒருவர் தொலைபேசியை எடுத்து எண்ணைச் சுழற்றுவார். மறுமுனையில் கீச்சொலி கேட்டதும் கைக்கருவியை இரு இரப்பர்க் குழிகள் கொண்ட பெட்டியொன்றில் பதிப்பார். பின்னர்க் கணினித் திரையை நோக்கியிருப்பார். தொலைபேசி நிறுவனத்தின் கம்பியோடு பிறர் செய்த கருவியை நேரே பொருத்துவதற்கு அந்நாளில் அமெரிக்காவிலும் தடை இருந்தது. 1968ஆம் ஆண்டில் 'கார்ட்டர்போன்' என்னும் வழக்கில் அந்நாட்டுத் தொடர்பாடல் ஆணைக்குழு வழங்கிய தீர்ப்பு அத்தடையைத் தகர்க்க வழி திறந்தது.

பெரிய மாற்றம் 1981ஆம் ஆண்டில் நேர்ந்தது. அட்லாண்டா நகரில் டென்னிஸ் ஹேய்ஸ், டேல் ஹெதரிங்டன் என்னும் இருவர் 'ஸ்மார்ட்மோடம்' என்னும் கருவியை வெளியிட்டனர். கணினி எந்தக் கம்பிவழியே செய்தியை அனுப்புகிறதோ, அதே கம்பிவழியே மோடத்துக்கும் கட்டளையிடலாம் என்பதே அதன் புதுமை. 'கவனி' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளான 'ஏ', 'டி' ஆகியவற்றைத் தட்டிப் பின்னர் அழைப்புக்குரிய கட்டளையையும் எண்ணையும் தட்டினால் மோடம் தானே அழைக்கும். இணைப்புக் கிட்டினால் 'கனெக்ட்' என்னும் சொல்லையும், மறுமுனை வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தால் 'பிஸி' என்பதையும், ஒலி அறுந்தால் 'நோ கேரியர்' என்பதையும் அக்காலத்து மோடங்கள் திரையில் எழுதிக் காட்டின.

இதில் ஒரு சிக்கல் எழுந்தது. இணைப்பு நிகழ்ந்த பின்னர்க் கணினி அனுப்பும் எழுத்துகள் அனைத்தும் மறுமுனைக்குச் சென்றுவிடும். அந்நிலையில் மோடத்தோடு மட்டும் பேசுவது எங்ஙனம்? அதற்கு அவர்கள் கண்ட வழி நயமானது. ஒரு விநாடி ஒன்றும் பேசாதிருந்து, மூன்று கூட்டற்குறிகளை அனுப்பி, மீண்டும் ஒரு விநாடி பேசாதிருந்தால், மோடம் அதைத் தனக்குரிய அழைப்பென உணரும். எழுத்தோடு மௌனமும் ஒரு குறியாயிற்று.

மோடம் எழுத்தால் ஏவப்பட்டது. எழுத்தாலேயே மறுமொழி கூறியது. ஆகவே அழைப்பும் மறுமொழியும் அடங்கிய உரையாடல் முழுவதையும் முன்னரே எழுதிவைக்க முடியும் என்பது தெளிவாயிற்று. அவ்வாறு எழுதிவைத்த கோப்பை ஆங்கிலத்தில் 'ஸ்கிரிப்ட்' என்றனர். நாடகச் சுவடிக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர். தமிழில் அதை ஆணைச்சுவடி எனலாம்.

படுவான்கரை மக்களுக்கு இதை விளக்கக் கூத்தே போதும். மட்டக்களப்புக் கூத்து மரபில் ஒவ்வொரு நடிகருக்கும் உரிய பாட்டையும் வசனத்தையும் எழுதி அளிக்கும் சடங்கைச் 'சட்டங்கொடுத்தல்' என்பர். நடிகர் கையிலுள்ள சட்டத்தில் அவருடைய பங்கு மட்டுமே இருக்கும். மற்றவர் பாட்டு முழுவதையும் அவர் மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. அது எச்சொல்லில் முடிகிறது, அச்சொல் கேட்டதும் தாம் எதைத் தொடங்குவது என்பவற்றை அறிந்தாற் போதும். ஆணைச்சுவடியும் அத்தகையதே. 'இன்ன சொல் வரும்வரை காத்திரு. வந்ததும் இன்ன சொல்லை அனுப்பு' என்னும் இணைகளாகவே அது எழுதப்பட்டது. எனினும் கூத்துக் களரியில் எதிர்நடிகர் அடி தவறினால் சமாளிக்க அண்ணாவியார் அருகே நிற்பார். கணினிக்கு அத்தகைய துணை இல்லை. ஆகவே தவறு நேருமிடத்துச் செய்வதையும் சுவடியிலேயே எழுத வேண்டியிருந்தது.

இம்முறையின் மூலத்தை யுனிக்ஸ் என்னும் கணினி இயக்கமுறையிற் காணலாம். பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மைக் லெஸ்க் என்பார் 1976ஆம் ஆண்டளவில் 'யூயூசிபி' என்னும் மென்பொருளை எழுதினார். ஒரு கணினி மற்றொன்றைத் தொலைபேசியில் அழைத்து, தேங்கிக் கிடக்கும் கடிதங்களையும் கோப்புகளையும் மொத்தமாகக் கொடுத்து வாங்கிக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடும் ஏற்பாடு அது. அழைக்கப்பட்ட கணினி 'லாகின்' என்று கேட்கும்; அழைத்தது தன் பெயரைச் சொல்ல வேண்டும். பின்னர் அது 'பாஸ்வேர்ட்' என்று கேட்கும். அடையாளச் சொல்லைச் சொல்ல வேண்டும்.

இங்கே எழுதுவோரின் பட்டறிவு வெளிப்படும் நுட்பம் ஒன்று உண்டு. அவர்கள் தம் சுவடியில் 'லாகின்' என்னும் சொல்லை முழுமையாக எழுதுவதில்லை. ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்தை விட்டு, எஞ்சிய பகுதிக்கே காத்திருக்கச் செய்தனர். மறுமுனைக் கணினி அம்முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக அனுப்புமா, சிறிய எழுத்தாக அனுப்புமா என்பது உறுதியன்று. இணைப்பின் தொடக்க இரைச்சலில் முதலெழுத்துச் சிதைந்துபோதலும் உண்டு. ஆகவே எது நிச்சயமாக வருமோ அதற்கு மட்டும் காத்திருப்பதே அறிவுடைமை என்று கண்டனர். பிறரிடமிருந்து வேண்டுவதைக் குறைத்துக்கொண்டால் ஏமாற்றமும் குறையும் என்பது உலகியல் அறம். கணினிச் சுவடிக்கும் அவ்வறம் பொருந்திற்று.

வீட்டுக் கணினி உலகில் இக்கலை பரவியமைக்குச் சில தனிமனிதரின் கொடையே காரணம். சிக்காகோ நகரைச் சேர்ந்த வார்ட் கிறிஸ்டென்சன் 1977ஆம் ஆண்டில் கோப்புகளைப் பழுதின்றி அனுப்பும் முறையொன்றை வகுத்தார். பின்னர் 'எக்ஸ்மோடம்' எனப் பெயர்பெற்ற அம்முறையில் கோப்பு 128 எழுத்துகள் கொண்ட சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு துண்டின் இறுதியிலும் ஒரு கூட்டுத்தொகை இருக்கும். பெறுபவர் அத்தொகையைச் சரிபார்த்து, பொருந்தினால் 'பெற்றேன்' என்றும், பொருந்தாவிடின் 'மீண்டும் அனுப்புக' என்றும் கூறுவார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் சிக்காகோவில் கடும் பனிப்புயல் வீசியது. வெளியே செல்ல இயலாத அந்நாட்களில் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸ் என்னும் நண்பரும் கணினி அறிவிப்புப் பலகையொன்றை அமைக்க முற்பட்டனர். 1978 பெப்ரவரி 16ஆம் நாள் அது இயங்கத் தொடங்கியது. ஒரே கம்பியாதலால் ஒரு வேளையில் ஒருவரே அதை அழைக்க முடிந்தது. மற்றவர்க்குக் கிட்டியது 'பிஸி' என்னும் விடையே. திரும்பத் திரும்ப எண்ணைச் சுழற்றி வாயில் திறக்கும்வரை காத்திருக்கும் பணிக்கு இத்தகைய பலகைகளே தேவையை உண்டாக்கின.

1981ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பிராங்க் டா குரூஸ், பில் கேட்சிங்ஸ் ஆகியோர் 'கெர்மிட்' என்னும் முறையை உருவாக்கினர். பல்கலைக்கழகத்தின் பெருங்கணினியில் மாணவர்க்கு ஒதுக்கப்பட்ட இடம் சிறிது. அவர்கள் தம் ஆக்கங்களைச் சிறு வட்டுகளிற் படியெடுத்துப் பாதுகாக்க விரும்பினர். அத்தேவையே அம்முயற்சிக்கு வித்தாயிற்று. வெவ்வேறு நிறுவனங்கள் செய்த, ஒன்றுக்கொன்று ஒவ்வாத கணினிகளையும் அது இணைத்தது. நாளடைவில் அதற்கெனத் தனி ஆணைமொழியும் அமைந்தது. 'பத்து விநாடி காத்திரு. இச்சொல் வராவிடின் இன்ன இடத்துக்குச் செல்' என்று அம்மொழியில் எழுதலாம். 'புரோகாம்' மென்பொருளில் 'ஆஸ்பெக்ட்' என்னும் ஆணைமொழியும், 'டெலிக்ஸ்' மென்பொருளில் 'சால்ட்' என்னும் ஆணைமொழியும் அவ்வாறே தோன்றின. கணினியியல் கற்றறியாத மருத்துவரும் ஆசிரியரும் கடைக்காரரும் தமக்கு வேண்டிய சுவடிகளைத் தாமே எழுதினர்.

நள்ளிரவுக்குப் பின் தொலைபேசிக் கட்டணம் குறைவு. சான் பிரான்சிஸ்கோ நகரின் டாம் ஜென்னிங்ஸ் 1984ஆம் ஆண்டில் தொடங்கிய 'பிடோநெட்' என்னும் வலைப்பின்னல் இக்குறைவையே தனக்கு உரமாகக் கொண்டது. வீட்டார் உறங்கும் வேளையில் கணினிகள் ஒன்றையொன்று அழைத்துக் கடிதங்களைக் கைமாற்றிக்கொண்டன. உறங்குவோரின் சார்பில் விழித்திருப்பது எழுத்தே என்பதால், அவ்வெழுத்தைத் தவறின்றி எழுதுவது கடமையாயிற்று. எத்தனை முறை அழைத்தபின் நிறுத்துவது என்று எழுத மறந்தவர் காலையில் விழித்து, கட்டணம் ஏறியிருப்பதைக் கண்டு வருந்த வேண்டியதே. அடையாளச் சொல்லை மறைப்பின்றிச் சுவடியில் எழுதிவைத்தவர், அக்கோப்பைக் காண்பவர் எவரும் தம் பெயரால் நுழையலாம் என்னும் ஆபத்துக்கும் உள்ளாயினர். வசதியைத் தந்த எழுத்தே காவலையும் குலைத்தது.

இலங்கையில் இவ்வரலாறு 1990ஆம் ஆண்டில் உருப்பெற்றது. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தை நிலைக்களமாகக் கொண்டு 'லேர்ன்மெயில்' என்னும் மின்னஞ்சற் சேவை தொடங்கியது. அதற்கு வழிகோலியவர்களுள் பேராசிரியர் அபய இந்துருவ தலையாயவர். தொலைபேசியில் அழைத்து, தொகுத்த கடிதங்களைக் கொடுத்து வாங்கும் அந்தப் பழைய முறையே அங்கும் கைக்கொள்ளப்பட்டது. வணிக முறையிலான இணையச் சேவை இந்நாட்டில் 1995ஆம் ஆண்டில் வந்தது. இந்தியாவிலும் அவ்வாண்டு ஆகஸ்ட் 15ஆம் நாளே பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கியது.

அக்காலத்தில் தமிழர் பல நாடுகளிலும் சிதறியிருந்தனர். 1983ஆம் ஆண்டின் வன்செயலும் அதனைத் தொடர்ந்த போரும் இலங்கைத் தமிழரைக் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் கொண்டு சென்றன. அவர்களுட் சிலர் கையில் வீட்டுக் கணினியும் மோடமும் வந்து சேர்ந்தபோது, தமிழில் எழுதி அனுப்ப முடியுமா என்னும் வினா எழுந்தது. கனடாவில் கு. சீனிவாசன் 1984ஆம் ஆண்டில் 'ஆதமி' என்னும் தமிழ் எழுது மென்பொருளை ஆக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' என்னும் மென்பொருளை அதற்கு அடுத்த ஆண்டில் உருவாக்கினார். ஆகவே திரையிலும் தாளிலும் தமிழ் தோன்றியது. கம்பியில் மட்டும் அது இடர்ப்பட்டது.

இடர்ப்பாட்டின் காரணத்தை எளிதில் விளக்கலாம். ஆங்கில எழுத்துகளுக்கு ஏழு குறிகளே போதும். அவற்றைக்கொண்டு 128 வடிவங்களைக் குறிக்கலாம். தமிழையும் ஆங்கிலத்தையும் ஒருங்கே காட்ட எட்டாவது குறி ஒன்று வேண்டும். பழைய இணைப்புகள் பலவும் அஞ்சற்கணினிகள் பலவும் எட்டாவது குறியைக் கைவிட்டுவிடும். பின்னாளில் எழுந்த 'திஸ்கி' என்னும் குறியீட்டு முறையில் 'அ' என்னும் எழுத்தின் எண் 171. எட்டாவது குறி உதிர்ந்தால் அவ்வெண்ணில் 128 குறைந்து 43 ஆகும். அதுவோ கூட்டற்குறியின் எண். ஆகவே தாயை 'அம்மா' என விளித்து எழுதிய மகனின் கடிதம், கூட்டற்குறியில் தொடங்கும் பொருளற்ற எழுத்துக் கூட்டமாகச் சென்றடையக்கூடும். கடிதம் காணாமற் போகவில்லை; ஆனால் அதிலிருந்த தமிழ் காணாமற் போயிற்று.

இதற்கும் எழுத்தறிவே மருந்தாயிற்று. மேரி ஆன் ஹோர்ட்டன் 1980ஆம் ஆண்டில் ஆக்கிய 'யூயூஎன்கோட்' என்னும் முறை, மூன்று எழுத்துகளை ஆங்கிலக் குறிகளாலான நான்கு எழுத்துகளாக மாற்றி அனுப்ப உதவியது. கோப்பின் அளவு மூன்றிலொரு பங்கு கூடினும், பொருள் சிதையவில்லை. கெர்மிட் முறையோ, எட்டாவது குறி உள்ள எழுத்துக்கு முன்னர் அடையாளமொன்றை இட்டு அனுப்பி, மறுமுனையில் அதை மீட்டுக்கொண்டது. இவற்றையெல்லாம் வரிசைப்படுத்திச் செய்விக்கும் சுவடியொன்றை ஒருமுறை எழுதிவைத்தால், பின்னர் ஒவ்வொரு கடிதத்துக்கும் அவ்வுழைப்பு வேண்டுவதில்லை. இம்முயற்சி இயலாதோர் ஆங்கில எழுத்திலேயே தமிழை ஒலிபெயர்த்து எழுதினர். இவ்வாறு பழகிய தலைமுறையினரே பின்னர்த் தமிழ் நூல்களைக் கணினியிற் சேமிக்க முன்வந்தனர். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் அதன் நற்பயன்களுள் ஒன்று.

இக்காலமெல்லாம் வவுணதீவின் நிலை யாது? படுவான்கரையின் சிற்றூர்களில் வீட்டுக் கணினியும் தொலைபேசிக் கம்பியும் எட்டாப் பொருள்களாகவே இருந்தன. போர் அப்பகுதியை நெடுங்காலம் சூழ்ந்திருந்தது. வாவியைக் கடப்பதே பெருமுயற்சியாயிருந்த நாட்களும் உண்டு. கடல்கடந்து சென்ற பிள்ளையின் செய்திக்காகப் பெற்றோர் காத்திருந்தனர். அவர்கள் நம்பியிருந்தவை தாளில் எழுதிய கடிதமும், நகருக்குச் சென்று வருவோரின் வாய்ச்சொல்லுமே. மோடத்தின் காலத்தைக் காணாமலே அவ்வூர்கள் கைப்பேசியின் காலத்துக்குள் நுழைந்தன.

எனினும் அவ்வரலாறு வவுணதீவுக்கு அயலானதன்று. கைப்பேசிக்குள்ளும் ஒரு மோடம் உண்டு. அது கம்பிக்குப் பதிலாக வானலையைப் பயன்படுத்துகிறது. கைப்பேசி மோடங்களுக்கான அனைத்துலகத் தர ஏட்டில் வகுக்கப்பட்டுள்ள கட்டளைகள், 1981ஆம் ஆண்டில் ஹேய்ஸ் வகுத்த அதே 'ஏ', 'டி' என்னும் இரு எழுத்துகளாலேயே தொடங்குகின்றன. வயல்வரப்பில் நின்று கனடாவிலுள்ள மகளோடு பேசும் தாயின் கையில், அப்பழைய உரையாடலின் வழித்தோன்றல் இருக்கின்றது. அதனை அவர் அறிய வேண்டுவதில்லை. கற்பிப்போரும் கற்போரும் அறிதல் நலம்.

ஏனெனில், இன்றைய மாணவருக்குக் கணினி என்பது தொட்டவுடன் விடை தருவது. தாமதம் அவர்க்குக் குறையாகவே தோன்றுகிறது. ஆணைச்சுவடி எழுதியோருக்கோ தாமதம் இயல்பு, தவறு எதிர்பார்க்கப்பட்டது. எதற்குக் காத்திருப்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, எத்தனை முறை முயல்வது, எப்போது கைவிடுவது என்னும் நான்கு வினாக்களுக்கும் அவர்கள் முன்னரே விடை எழுதிவைத்தனர். நல்ல கம்பி அமையும்வரை அவர்கள் வாளா இருக்கவில்லை. கிடைத்த கம்பியைக்கொண்டே செய்தியைச் சேர்ப்பித்தனர். வசதி குறைந்த ஊர்களிற் பயிலும் மாணவர்க்கு இதனினும் பயனுள்ள பாடம் அரிது. கணினி வாங்கப் பொருள் வேண்டும். அதனை ஏவக் கற்பதற்கோ தெளிந்த சிந்தையும், பிழையை முன்னறியும் பொறுமையும், அவற்றைச் செவ்வனே எழுதும் பயிற்சியுமே வேண்டும். இவற்றை ஒரு தாளிலும் எழுதுகோலிலும் தொடங்கலாம். வவுணதீவின் எந்தப் பள்ளியிலும் தொடங்கலாம்.